1990 இலிருந்து தொடங்கும் கோடு

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஐந்து சந்தியில் ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆயத்தம் நடக்கிறது. தரம் 11 பிள்ளைகள் ஆளுக்கொரு தலைப்பு எடுத்தார்கள். வழமையான எரிமலை, சூரியத் தொகுதி, காற்றாலை எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாணவி வந்து, "சேர், நாங்க மெதேன் கசிவு செய்யப்போறம்" என்றாள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும்போது எந்த நாட்டிலிருந்து எவ்வளவு மெதேன் காற்றில் போகிறது என்று நாடு நாடாக ஒப்பிட்டு ஒரு பெரிய சார்ட். நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். சீனா, அமெரிக்கா, ரஷ்யா எல்லாம் தென்னை மாதிரி உயர்ந்து நின்றன. இலங்கைக்கு ஒன்றுமில்லை. பென்சில் கோடு ஒன்று கீறியிருந்தாள், அதுவும் தெரியட்டும் என்று கீறியது. அதன் கீழே பச்சை மையால், "எமது நாடு தூய நாடு."

மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டோம். சொல்லியிருக்கக் கூடாது. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் சும்மா இருக்காமல் கேட்டான்: "நாங்க ஒண்டும் தோண்டேல்லையே சேர். தோண்டாட்டி என்னெண்டு கசியும்?"

அந்தக் கேள்வியோடுதான் இந்த மூன்று வாரமும் போனது. அவர்கள் தேட, நாங்கள் தேட, ஒருவரை ஒருவர் திருத்த, படித்ததைக் கொஞ்சம் இங்கே எழுதி வைக்கிறோம். பெற்றோர் சிலர் "இந்தப் பிள்ளைகள் என்னத்தைப் படிக்குதுகள்" என்று கேட்டதும் ஒரு காரணம்.

முதலில் எங்கள் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 கடைசியில் நாடெங்கும் சமையல் எரிவாயு அடுப்புகள் வெடித்த காலத்தில், வகுப்பில் மெதேன் பற்றிப் பேசும்போது "உங்கட வீட்டுச் சிலிண்டரில் இருப்பதும் இதுதான்" என்று ஒரு வசனம் விட்டுவிட்டோம். அது பிழை. சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும். மெதேன் என்பது இயற்கை வாயுவின் பிரதான கூறு. நிறமில்லை, மணமில்லை. சமையல் வாயுவில் நாம் உணரும் அந்தக் கெட்ட மணம்கூட, கசிந்தால் தெரிய வேண்டுமென்று பிறகு சேர்ப்பது. நிலத்திலிருந்து நேரே வரும் மெதேனுக்கு அப்படி யாரும் மணம் சேர்ப்பதில்லை. பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அந்தக் காலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் விளக்குச் சுடரின் நிறத்தையும் உயரத்தையும் பார்த்துத்தான் அதை அறிந்தார்கள். 1815 இல் ஹம்ப்ரி டேவி கம்பி வலையால் மூடிய விளக்கைச் செய்தது அதற்காகத்தான். அதற்கு முன் எத்தனை பேர் சுரங்கத்துக்குள்ளேயே போனார்களோ, அல்லாஹ் அறிவான்.

இப்போது பிரச்சினை வெடிப்பு மட்டுமல்ல. காற்றில் கலந்த மெதேன் ஏறத்தாழ பன்னிரண்டு வருடம்தான் இருக்கும். ஆனால் இருக்கும் காலத்தில் செய்யும் வேலை பெரிது. இருபது வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு தொன் மெதேன் ஒரு தொன் காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்கு அளவில் சூடாக்கும். நூறு வருடக் கணக்கில் அது முப்பது மடங்கு அளவாகக் குறையும். கைத்தொழில் காலத்துக்கு முன் காற்றில் 100 கோடி பங்குக்கு 700 பங்கு அளவில் இருந்தது, இப்போது 1,900 ஐத் தாண்டிவிட்டது. சர்வதேச சக்தி முகவரகத்தின் கணக்கில் சக்தித் துறையிலிருந்து மட்டும் வருடத்துக்கு 12 கோடித் தொன்னுக்கு மேல் போகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றுக்கும் அதில் பெரும்பங்கு. மிச்சம் விறகு, சாணி எரிப்பதில் வருவது.

அப்படியானால் யார் மோசம்? இதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று தண்ணீர்த் தாங்கியை வைத்துச் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் தண்ணீரை வைத்துச் சொன்னால் விளங்காதவர் இல்லை. ஒரு வீட்டில் 2,000 லீற்றர் தாங்கி, நாளைக்கு 20 லீற்றர் ஒழுகுகிறது. அடுத்த வீட்டில் 200 லீற்றர் தாங்கி, 10 லீற்றர் ஒழுகுகிறது. யார் அதிகம் வீணாக்குகிறார்? ஒரு பக்கம் "20 தான் கூட" என்றது. மறுபக்கம், "சின்ன வீட்டில நூற்றுக்கு அஞ்சு போகுது, பெரிய வீட்டில நூற்றுக்கு ஒண்டுதான். சின்ன வீட்டுக்காரருக்குத்தான் அக்கறையில்லை" என்றது. இரண்டும் சரி. கிணற்றைக் கேட்டால் 20 லீற்றர் என்று சொல்லும். குழாய் பூட்டியவனின் கைத்திறனைக் கேட்டால் விகிதம் சொல்லும்.

நாடுகளும் அப்படித்தான். எண்ணெய், எரிவாயுவில் மொத்தமாக அதிகம் கசியவிடுவது அமெரிக்கா, அடுத்தது ரஷ்யா. நிலக்கரியில் யாரும் சீனாவுக்குக் கிட்ட நிற்க முடியாது. ஆனால் எடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் துர்க்மெனிஸ்தானும் வெனிசுவேலாவும் மிக மோசமானவை. நோர்வே மற்றப் பக்கத்தில் நிற்கிறது. ஐரோப்பாவுக்கு அவ்வளவு வாயு அனுப்பும் நாடு, கசியவிடுவது மிகக் கொஞ்சம். உலகம் முழுக்க நோர்வே மாதிரி வேலை செய்தால் எண்ணெய், எரிவாயுவிலிருந்து வரும் மெதேன் 90 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும் என்று அதே முகவரகம் சொல்கிறது. நோர்வேக்காரர் வானத்திலிருந்து விழுந்தவர்கள் இல்லை. 1970களிலேயே வாயுவை வீணாக எரிக்கக் கூடாதென்று கட்டுப்பாடு வைத்தார்கள். 1991 இல் கடலில் எண்ணெய் எடுப்போருக்குக் காபன் வரி போட்டார்கள். அவ்வளவுதான் இரகசியம்.

கட்டாரில் எரிவாயு நிலையமொன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்த நானா ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டோம். நெஞ்சில் கொளுவும் சின்னக் கருவியைப் பற்றிச் சொன்னார். அது பீப் என்றால் போட்ட வேலையைப் போட்டபடி போட்டுவிட்டு ஓட வேண்டுமாம். "அங்க கசிவெண்டால் உயிரும் போகும், கப்பலில் ஏத்த வேண்டிய சரக்கும் போகும். ரெண்டாவதுக்குத்தான் மேலதிகாரி கூட ஏசுவார்" என்று சிரித்தார். பிள்ளைகளுக்கு அந்த ஒரு வசனத்தில் விளங்கியது எங்கள் அரை மணிநேர விளக்கத்தில் விளங்கவில்லை.

பிறகுதான் காலக்கோடு. நாடுகளை ஒரு வருடத்தில் மட்டும் ஒப்பிட்டால் போதாது, கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டும் என்று அவர்களை அனுப்பினோம். மாணவி வரைபடங்களைக் கொண்டுவந்து விரித்தாள். விரித்ததும் அவளே கேட்டாள்: "ஏன் சேர் எல்லாமே 1990 இலயிருந்து தொடங்குது?"

வகுப்பு ஒரு கணம் சத்தமில்லாமல் போனது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வருடம் சும்மா ஓர் எண் இல்லை. 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணிநேரம் தந்தார்கள். வடக்கிலிருந்து 70,000 க்கும் மேற்பட்டவர்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினோம். வகுப்பில் இருக்கும் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லாக் கதையும் அந்த வருடத்தில்தான் தொடங்கும். "எங்கட உம்மம்மாவும் இப்பிடித்தான் சேர், 1990 எண்டுதான் தொடங்குவா" என்று ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது.

காரணம் வேறு. 1992 இல் காலநிலை உடன்படிக்கை செய்தபோதும் 1997 இல் கியோட்டோவில் கூடியபோதும் 1990 ஐ அடிப்படை வருடமாக எடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கணக்கும் "1990 இலிருந்து இத்தனை வீதம் குறைத்தோம்" என்றுதான் வரும். பிரித்தானியாவின் கோடு அழகாகக் கீழே இறங்குகிறது. பார்த்தால் கை தட்ட வேண்டும்போல இருக்கும். ஆனால் அந்த நாடு 1913 இல் ஒரு வருடத்தில் 28 கோடித் தொன்னுக்கும் மேல் நிலக்கரி தோண்டியது. 1984, 85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். 1990 இலிருந்து கோடு போட்டால் ஏறிய மலை படத்தில் இல்லை, இறங்கிய சரிவு மட்டும் தெரிகிறது. உம்மம்மாவுக்கு 1990 இழப்பின் முதல் வரி. சில நாடுகளுக்கு அது நல்ல பெயரின் முதல் வரி.

இதில் நாங்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால், எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது என்பதால் மனிதர் எப்படித் தவறிப்போவார் என்று எங்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்து திரும்பிவந்தபோது, 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர் "புதியவர்", அதற்கு முன்னர் போனவர் "பழையவர்" என்று பட்டியல் இருந்தது. புதியவருக்கு முதலில், பழையவருக்குப் பிறகு. பதினெட்டு வருடம் கூட அலைந்ததுதான் எங்கள் குறை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, புதியவர்கள் பட்டது எங்களைவிடக் குறைவும் இல்லை. திகதி ஒன்றைத் தெரிவு செய்வது ஒரு முடிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடைசி வாங்குக்காரன் விடவில்லை. "சேர், மெதேன் பன்னிரண்டு வருசத்தில போயிடும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? 1913 இல விட்டது இப்ப இருக்காதே." சரிதான். காபனீரொட்சைட்டுக் கடன் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், மெதேன் கடன் கெதியாகக் கரையும். அதனால் பழைய கணக்கு மெதேனில் அவ்வளவு பெரிதல்ல, இன்று ஓட்டையை அடைப்பதுதான் பெரிது. நாங்கள் சொல்லிய அநியாயத்தில் பாதியை அவன் வெட்டிவிட்டான். அதை ஒப்புக்கொண்டோம். இன்னொன்றும் அவர்கள் கண்டுபிடித்தார்கள்: காற்றிலுள்ள மெதேன் 1999 இலிருந்து 2006 வரை ஏறாமல் நின்றது, 2007 இலிருந்து திரும்ப ஏறுகிறது. ஏன் நின்றது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1991 இல் உடைந்து அங்கே எரிவாயுத் தொழில் சுருங்கியதை ஒரு காரணமாகச் சிலர் சொல்கிறார்கள்.

அடுத்த கேள்வி: இந்த எண்களை யார் எண்ணினார்கள்? இதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. பெரும்பாலும் அந்தந்த நாடே எண்ணி ஐக்கிய நாடுகளுக்குக் கொடுக்கிறது. எண்ணுவது என்றாலும் அளப்பதில்லை. இத்தனை கிணறு, இத்தனை மைல் குழாய், ஒன்றுக்கு இவ்வளவு கசியும் என்று பெருக்குவது. ரஷ்யா தன் பழைய வருடங்களின் கணக்கையே பல தடவை திருத்தியது, ஒவ்வொரு முறையும் கோடு வேறு இடத்தில் நின்றது. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் விமானத்திலும் வாகனத்திலும் நேரே அளந்து 2018 இல் வெளியிட்ட முடிவு, எடுக்கும் வாயுவில் 2.3 வீதம் கசிகிறது என்றது. அரசாங்கம் சொன்னதைவிட அது 60 வீதம் அளவில் அதிகம். உலகம் முழுவதற்கும் எடுத்தால் நாடுகள் சொல்வதைவிட உண்மைக் கசிவு 70 வீதம் அதிகம் என்று 2022 இல் சக்தி முகவரகம் சொன்னது. 3 வீதத்துக்கு மேல் கசிந்தால், மின்சாரத்துக்கு நிலக்கரியைவிட எரிவாயு நல்லது என்ற கதை அடுத்த சில பத்தாண்டுகளுக்கு எடுபடாது. ஆகவே இந்த ஒன்று, இரண்டு வீதம் சின்ன விசயமில்லை. சீனா 2010 இல் சுரங்க மெதேனைப் பிடித்துப் பயன்படுத்தப் புதிய விதி போட்டது. செய்மதித் தரவை வைத்துப் பார்த்தவர்கள் 2015 வரை கசிவு கூடிக்கொண்டுதான் போனது என்றார்கள்.

2017 இல் ஐரோப்பியர் அனுப்பிய செய்மதி ஒன்று உலகத்தை நாள்தோறும் பார்க்கிறது. கசகஸ்தானில் 2023 ஜூனில் ஒரு துளைக்கிணறு வெடித்து டிசம்பர் வரை கசிந்தது. ஒரு இலட்சத்து 27 ஆயிரம் தொன் என்று மேலேயிருந்து பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். கலிபோர்னியாவில் அலிசோ கன்யன் என்ற இடத்தில் 2015 ஒக்டோபரில் தொடங்கிய கசிவு 2016 பெப்ரவரியில்தான் அடைபட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. அதற்கும் யாரும் ஒன்றையும் கண்ணால் காணவில்லை. அகச்சிவப்புக் கமராவில்தான் மலையிலிருந்து கரும்புகை மாதிரித் தெரிந்தது.

கண்ணால் காணாதது என்றதும் பிள்ளைகளுக்குச் சுன்னாகம் நினைவுக்கு வந்தது. அங்கே மின்நிலையச் சூழலில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. ஆறில்லாத ஊர், சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறும் நீர்தான் எங்கள் சொத்து. அதில் எண்ணெய் என்றால் ஊர் எழும்பியது, வழக்குப் போனது, 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எண்ணெய் வாளியில் தெரிந்தபடியால் அது நடந்தது. நெருப்புக்குச்சி தட்டிப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள். மெதேன் வாளியில் வராது. யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

இனி அந்தப் பச்சை மை வசனத்துக்கு வருவோம். "எமது நாடு தூய நாடு."

நாங்கள் புத்தளத்தில் அகதி வாழ்க்கை வாழ்ந்தவர்கள். தில்லையடி, ஆலங்குடா, கற்பிட்டி என்று எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கிடுகு வீட்டில் குப்பி விளக்கில் படித்தவர்கள்தான் இன்று இங்கே ஆசிரியராகவும் இருக்கிறோம். 2006 இல் நுரைச்சோலையில் அனல் மின்நிலைய வேலை தொடங்கியபோது நாங்கள் அங்கே பக்கத்தில்தான் இருந்தோம். 2011 இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது, இப்போது மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட். கடல் அமைதியான மாதங்களில் நிலக்கரிக் கப்பல் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். சாம்பலைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் அங்குள்ள மக்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அந்த நிலக்கரி எங்கே தோண்டப்பட்டது என்று அப்போது ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா. தோண்டும்போது வெளிவந்த மெதேன் அந்த நாடுகளின் பெயரில் எழுதப்படும். எரித்த வெளிச்சம் எங்கள் வீட்டில். நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு அங்கிருந்து வருகிறது. 2013 அளவில் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் தேசிய மின்வலையோடு இணைந்ததிலிருந்து யாழ்ப்பாணத்து மின்குமிழிலும் அது கலந்திருக்கிறது. கண்காட்சி மண்டபத்து லைற்றிலும் கலந்திருக்கும்.

கடைசி வாங்குக்காரன் சொன்னது அதுதான். நாங்கள் தோண்டவில்லை, அதனால் எங்களுக்குக் கோடு இல்லை.

ஆனால் தோண்டும் கதை எங்களுக்கு முழுக்க அந்நியமும் இல்லை. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011 இல் மன்னார்க் கடலில் இரண்டு இடத்தில் எரிவாயு கண்டுபிடித்தார்கள், டொராடோ, பரகுடா என்று பெயர். இன்றுவரை வெளியே எடுக்கவில்லை. 2022 இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் இருந்தபோது, வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு வரிசையில் நின்றபோது, "மன்னாரில் இருக்கிறதை எடுத்தால் என்ன" என்று நாமும்தான் கேட்டோம். கேட்டதில் பிழையில்லை. நாட்டுக்குக் காசு வேண்டும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் காவிரி டெல்ரா இருக்கிறது. 2010 இல் மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகை மெதேன் எடுக்க உரிமம் கொடுத்தபோது, நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றித்தான் அதை எடுக்க வேண்டும் என்று விவசாயிகள் அறிந்தார்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பர் 30 இல் காலமானார். 2017 இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகாபன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். 2020 இல் டெல்ரா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. அங்கே கேட்டது தண்ணீரைப் பற்றி. மன்னாரில் நாளைக்குத் துளையிட்டால் மீனவர்கள் கடலைப் பற்றிக் கேட்பார்கள். கசிவைப் பற்றி யார் கேட்பார்? யார் அளப்பார், எடுப்பவனேயா, வேறொருவரா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? எங்கே ஒட்டுவார்கள்? 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் மெதேனை 2030 க்குள் 30 வீதம் குறைப்போம் என்று நாடுகள் உறுதி சொன்னன, இன்று 150 க்கு மேல் சேர்ந்திருக்கின்றன. சீனா, இந்தியா, ரஷ்யா சேரவில்லை. உறுதி சொன்னவர்களிலும் அளக்கிறவர்கள் கொஞ்சம்.

ஒன்றைத் தவறாக எடுத்துவிடாதீர்கள். இலங்கையிலிருந்து மெதேன் போகவேயில்லை என்பதல்ல. வயல், மாடு, குப்பை இவற்றிலிருந்து போகிறது. கல்லுண்டாயில் குவியும் எங்கள் குப்பையிலிருந்தும் போகிறது, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நாம் கட்டிப் போடும் பைகளும் அதற்குள்தான். அது சக்தி உற்பத்திக் கணக்கில் வராது என்பதால் பிள்ளைகள் சார்ட்டில் சேர்க்கவில்லை. அதற்கு இன்னொரு சார்ட் வேண்டும், அதற்கு இன்னொரு கூட்டமும் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இதை வாசித்தால் ஹஜ்ஜுக்கு முன் ஒரு நாள் தாருங்கள்.

சார்ட் கடைசியில் இப்படி முடிந்திருக்கிறது. பச்சை மை வசனத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியாயிற்று. அவள் அழவில்லை, ஆனால் அன்று முழுக்க எங்களோடு கதைக்கவில்லை. மறுநாள் அவளாகவே வந்து இலங்கையின் பென்சில் கோட்டின் மேல் புள்ளிக்கோட்டால் ஒரு பெட்டி கீறினாள். உள்ளே ஒன்றும் நிறம் தீட்டவில்லை. "நுரைச்சோலைக்கு வந்த நிலக்கரி, கசிந்தது வேறு நாட்டில்" என்று எழுதினாள். உயரம் எவ்வளவு போடுவது என்று கேட்டாள். எங்களிடம் எண் இல்லை. அப்படியானால் மேல்பக்கத்தை மூடாமல் விடுகிறேன் என்றாள். விட்டிருக்கிறாள். 1990 என்ற எண்ணின் கீழே சின்னதாக, "இதற்கு முன்பும் இருந்தது" என்று அந்த உம்மம்மாவின் பேத்தி எழுதியிருக்கிறது.

கண்காட்சி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். பெற்றோர், அயலவர், பழைய மாணவர் எல்லோரும் வாருங்கள். சார்ட் வாசலுக்கு நேரே தொங்கும். கேள்வி இருந்தால் எங்களிடம் கேட்காதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். கடைசி வாங்குக்காரனும் அங்கேதான் நிற்பான்.